நிக்கோட்டின் கம், பேட்ச்: இரண்டு வருஷம் கழித்து

சிகரெட்டை விடுவதற்காக முதல் தடவை நிக்கோட்டின் கம் வாங்கியபோது அதை பபிள்கம் மாதிரிதான் மென்றேன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடை வாசல், ஒரு கையில் டீ, வாயில் கம். இரண்டு நிமிஷத்தில் தொண்டை எரிந்தது, அப்புறம் விக்கல். அரை மணி நேரம் விக்கிக்கொண்டே கடையைத் திறந்தேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி, "யாரோ நெனைக்காவ போல" என்றார். பத்து நாள் இப்படி மென்றேன். பதினோராம் நாள் திரும்பவும் சிகரெட். இது வேலைக்காகாது என்று 2022-ல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

கம்மில் குறை இல்லை, மென்ற விதத்தில்தான் குறை என்று தெரிய ஒரு வருஷம் ஆனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கணக்கு: இருபத்திரண்டு வருஷம், நாளைக்குப் பதினைந்து. பாளையங்கோட்டையில் ஒரு நெஞ்சு மருத்துவர், இருமலுக்குப் போனவனை உட்கார வைத்து ஆறு கேள்வி கேட்டார். ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை என்று பெயர், இப்போதுள்ள வடிவம் 1991-ல் வந்தது. மொத்தம் பத்து மதிப்பெண். அதில் முக்கியமான கேள்வி நாளைக்கு எத்தனை என்பது இல்லை, காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பதுதான். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் மூன்று, அரை மணிக்குள் என்றால் இரண்டு. எனக்குப் பத்து நிமிஷம். காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் பிடிப்பீர்களா என்று இன்னொரு கேள்வி. டெங்கு வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து பிடித்தது ஞாபகம் வந்தது. பத்துக்கு ஆறு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு வாங்கியதில்லை.

எழுந்து அரை மணிக்குள் பிடிக்கிறவருக்கு 2 மில்லிகிராம் கம் பத்தாது, 4 வேண்டும் என்றார். நான் முதல் தடவை வாங்கியது 2. அதிலும் பாதியை டீயோடு சேர்த்து வயிற்றுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

நிக்கோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். அதற்கு வாய் கொஞ்சம் காரத்தன்மையோடு இருக்க வேண்டும் என்பதால் கம்மிலேயே அதற்கான உப்பு கலந்திருக்கிறார்கள். காபி, கோலா, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வாயைப் புளிப்பாக்கிவிடும். கம் மெல்லும்போது இடையிடையே காபியிலும் கோலாவிலும் வாய் கொப்பளிக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-ல் வந்தது. நிக்கோட்டின் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. டீ குடித்தாலும் சரி, எதைச் சாப்பிட்டாலும் சரி, கால் மணி நேரம் கழித்துத்தான் கம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தண்ணீர் மட்டும் பரவாயில்லை.

மெல்லும் விதம் இப்படி. மிளகு மாதிரி காரம் தெரிகிற வரை மெதுவாக மெல்ல வேண்டும். காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும், வெற்றிலை ஒதுக்குகிற மாதிரி. காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல், அடுத்த பக்கம் ஒதுக்கு. ஒரு கம் அரை மணி நேரம் வரும். எச்சிலை விழுங்கி விழுங்கி மென்றால் விக்கல்தான், நெஞ்செரிச்சல்தான். எங்கள் ஊரில் வெற்றிலை போடுகிற ஆச்சிகளிடம் கொடுத்திருந்தால் முதல் நாளே சரியாக மென்றிருப்பார்கள்.

இன்னொன்று, ஆசை வந்தபிறகு கம்மை எடுத்தால் பிந்திவிடும். சிகரெட் புகையில் உள்ள நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. கம் உச்சத்துக்கு வர அரை மணி ஆகும். அதனால் முதல் ஆறு வாரம் மணிக்கணக்கு வைத்து, ஆசை இருக்கிறதோ இல்லையோ, ஒன்று இரண்டு மணிக்கு ஒன்று. என் போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

கூடவே தோலில் ஒட்டுகிற 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பேட்ச். அது நாள் முழுக்க அடித்தளம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விடும், திடீர் ஆசைக்குக் கம். இரண்டையும் சேர்த்துப் போடத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். பேட்சோடு கம் சேர்த்தவர்கள், ஒன்றை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட நாலில் ஒரு பங்கு அதிகமாக வெற்றி பெறுகிறார்கள் என்று, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் ஆய்வு சொல்கிறது. 64,000 பேருக்கு மேல் பங்கெடுத்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்த அவர்களின் இன்னொரு கணக்கில், இந்த வகை மருந்து எதுவானாலும் விடுகிற வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில் ஆறு மாதம் தாண்டுவது நூறில் மூன்று முதல் ஐந்து பேர்தான். ஐந்து என்பது எட்டாகிறது, அவ்வளவுதான். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் 2022-ல் என்னை நானே அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

பேட்சில் உள்ள கஷ்டம் நம் ஊர் வெயில். சித்திரை மாதம் ஜங்ஷன் வரை பைக்கில் போய்விட்டு வந்தால் வியர்வையில் ஓரம் கழன்று சட்டையில் ஒட்டியிருக்கும். குளித்து, நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். மேல்கையைவிட முதுகின் மேல்பக்கம் எனக்கு நன்றாக நின்றது, ஒட்டுவது வீட்டம்மா. தினமும் இடத்தை மாற்றாவிட்டால் சிவந்து அரிக்கும். ராத்திரியும் வைத்திருந்தால் கனவு பயங்கரம். ஒரு நாள் தாமிரபரணியில் என் ஸ்கூட்டர் நீந்திப் போனது. அதற்கப்புறம் படுக்கும்போது கழற்றிவிட்டேன்.

தூக்கம் மட்டும் அப்படியும் வரவில்லை, கை லேசாக நடுங்கியது. பேட்சைத்தான் குற்றம் சொன்னேன். மருத்துவர், "நாளைக்கு எத்தனை டீ?" என்று கேட்டார். எட்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், காஃபினை உடைக்கிற கல்லீரல் நொதியை முடுக்கிவிடுமாம். அதனால் பிடிக்கிறவர்களுக்குக் காஃபின் சீக்கிரம் கரைந்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த நொதி பழைய நிலைக்கு வரும், அதே எட்டு டீக்கு ரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது நிக்கோட்டின் வேலையில்லை, புகையின் வேலை. டீயை நாலாக்கினேன், ஒரு வாரத்தில் தூக்கம் வந்தது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் திரும்பவும் பற்ற வைத்திருப்பார்களோ.

உடம்பு ஐந்து கிலோ ஏறியது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சராசரியே ஒரு வருஷத்தில் நாலைந்து கிலோ என்கிறார்கள். அல்வாவும் காரணம்.

பத்தாவது மாதம் வழுக்கினேன். குற்றாலத்தில் ஆனி மாதச் சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நடுங்கி நிற்கிறேன், பக்கத்தில் கூட்டாளி பற்ற வைக்கிறான். அவன் நீட்டவில்லை, நான்தான் கை நீட்டினேன். பாதி இழுத்ததும் தலை சுற்றியது. திரும்பி வரும் வழியெல்லாம் எல்லாம் போச்சு என்று ஒரே எண்ணம். ஆனால் சிகரெட்டை விடவைக்கும் மருந்துச் சோதனைகளில் வெற்றியை அளக்க ரஸ்ஸல் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஐந்து சிகரெட் வரை பிடித்திருந்தாலும் அவர் விட்டவர்தான். மூச்சை ஊதவைத்து கார்பன் மோனாக்சைடு அளவும் பார்ப்பார்கள், சும்மா வாய்வார்த்தை இல்லை. ஆராய்ச்சிக்காரர்களே மன்னிக்கும்போது நான் ஏன் என்னைத் தூக்கில் போட வேண்டும்? மறுநாள் இரண்டு கம் கூடுதலாக மென்றேன், அவ்வளவுதான்.

செலவு: நான் வாங்கியபோது ஒரு கம்மின் விலை, ஒரு சிகரெட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சிகரெட் பிடிக்கிறவருக்கு இது லாபக் கணக்கு. பீடி பிடிக்கிறவருக்கு நஷ்டக் கணக்கு. இதுதான் எனக்குள்ள பெரிய குறை. எங்கள் ஆச்சி முக்கூடலில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியவள். அந்தக் கூலியில்தான் என் அம்மா படித்தாள். இந்தப் பக்கம் புகையிலையைத் திட்டி யாரும் லேசாகப் பேசிவிட முடியாது. ஆனால் பீடி சின்னதுதானே என்பது பொய். இந்தியாவில் 2008-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், பீடி பிடித்த ஆண்களுக்கு ஆயுசில் சுமார் ஆறு வருஷம் குறைந்திருந்தது, சிகரெட்டுக்குப் பத்து. கம்மும் பேட்சும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009-லேயே ஏறிவிட்டன. பீடிக்காரர் கைக்கு எட்டுகிற விலையில்தான் இன்னும் இல்லை.

போன தீபாவளிக்கு பீடி பிடிக்கிற என் சித்தப்பாவுக்கு இரண்டு அட்டை கம் வாங்கிக் கொடுத்தேன். சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்மை ஒன்று வாயில் போட்டுவிட்டு, "என்னலே இது, இஞ்சி மொறப்பாவ விட காந்துது" என்று துப்பினார். மெல்லும் விதத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் போயிருந்தபோது, காலையில் முதல் பீடி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குலே கேக்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "காப்பி குடிச்சு ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். போன வருஷம் அது காப்பிக்கு முன்னால்.