கான்வாய் எஸ்2 பிளஸ்: பிரித்து மேய ஒரு டார்ச்

நீலமடிக்கும் வெளிச்சம் எனக்கு ஆகாது. கான்வாய் எஸ்2 பிளஸ் வாங்கியதே பிரித்து மேய்வதற்குத்தான். ஒரே ஒரு 18650 பேட்டரி (ரீசார்ஜ் செய்யக்கூடிய உருளை வடிவ லித்தியம் செல்), அலுமினியக் குழாய், வால் பக்கம் ஸ்விட்ச். தலையைத் திருகினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். பழைய எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, 16 மி.மீ. செம்புத் தகட்டில் உட்கார்ந்திருக்கும் நிச்சியா 519ஏ என்ற, நிறங்களை உள்ளபடி காட்டும் எல்.இ.டி.யைப் போட்டேன். அப்புறம் புது பிளேடால் அதன் சிலிக்கோன் குமிழைச் சீவினேன். ஒளி இன்னும் இளமஞ்சளாகி, கூடுதல் தூரம் பாய்கிறது. மின்பெட்டிக்குள் அடித்தால் சிவப்பு ஒயர் எது, பழுப்பு எது என்று சந்தேகமே வராது. அதற்குத்தானே இவ்வளவு பாடு! சீவும்போது குமிழுக்கு அடியில் உள்ள மஞ்சள் பூச்சான பாஸ்பர் படலத்தில் பிளேடு பட்டால் எல்.இ.டி. போச்சு. என்னுடையதில் சார்ஜ் துளை கிடையாது. தனி சார்ஜருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.