'லா ஏன்', 'லே மிசெராப்ல்': எதை முதலில் பார்ப்பது?

பாரிஸ் புறநகர் அடுக்குமாடிகளில் வளரும் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால், பேச்சு இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

எடுத்தவர்:
'லா ஏன்' (1995): மத்தியூ கசோவிட்ஸ். படத்தில் வரும் குடியிருப்புக்கு வெளியாள்.
'லே மிசெராப்ல்' (2019): லாஜ் லீ. மாலியிலிருந்து வந்த பெற்றோரின் மகன். கதை நடக்கும் பாரிஸ் புறநகரான மோன்ஃபெர்மெய்யிலேயே வளர்ந்தவர்.

யார் பக்கமிருந்து:
முன்னதில் யூதர், கறுப்பினத்தவர், அரபு வம்சாவளியினர் என மூன்று நண்பர்கள். போலீஸ் அவர்களுக்கு எதிரி, அவ்வளவுதான்.
பின்னதில் கேமரா ரோந்து போலீசாரோடு போகிறது. ஒரு சிறுவனின் முகத்தில் ரப்பர் குண்டு சுடும் போலீஸ்காரரும் கறுப்பினத்தவரே. அதை இன்னொரு சிறுவனின் டிரோன் படம்பிடித்துவிடுகிறது. அரசின் வன்முறையை வெள்ளை, கறுப்பு என்று எளிதாகப் பிரிக்க முடியாத இந்த இடம்தான் என்னை உலுக்கியது.

காட்சி:
முன்னது கறுப்பு வெள்ளை, இன்றும் பழசாகவில்லை.
பின்னது வண்ணத்தில், செய்திப்படத்தின் பரபரப்போடு.

பெண்கள்: இரண்டிலும் ஓரத்தில்தான். பெருங்குறை.

இளைஞர்களின் கோபத்தை உள்ளிருந்து உணர 'லா ஏன்'. போலீஸ், உள்ளூர்ப் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒருவரையொருவர் எப்படி நெருக்குகிறார்கள் என்று புரிய 'லே மிசெராப்ல்'. ஒன்றுக்குத்தான் நேரமென்றால், இரண்டாவதைப் பாருங்கள்.