பவர் கண்டிஷனர் திரும்பிப் போனது, வோல்டேஜ் ப்ரொடெக்டர் தங்கிவிட்டது

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை. 38,000 ரூபாய் விலை சொன்ன பவர் கண்டிஷனரை, அதாவது ஆடியோ கருவிகளுக்குப் போகும் கரண்டைச் சுத்தப்படுத்தும் பெட்டியை, முழுப் பணமும் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்து கேட்டுப் பார்த்தேன். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பது பேச்சு. தூக்கவே இரண்டு கை வேண்டும். உள்ளே, கருவிகளை வீட்டு லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், 500 விஏ தாங்கும். முன்பக்கம் நீல எண்களில் வோல்டேஜ் ஓடுகிறது. "சார், இதைப் போட்டுட்டு வயலின் கேளுங்க, ஆள் எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். வயலின் ஏற்கெனவே இருந்த இடத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் பெட்டி ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

என் வீடு மேற்கு மாம்பலத்தில், பழைய அபார்ட்மெண்ட். மராண்ட்ஸ் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), டெக்னிக்ஸ் டர்ன்டேபிள். இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதைப் பல மடங்கு பெருக்கும்போது வீட்டுக் கரண்டில் உள்ள குப்பையும் சேர்ந்து பெருகும். ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் ஸ்பீக்கரில் ர்ர்ர் என்று ஒரு இழுப்பு, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஒரு டப். டர்ன்டேபிளையும், ஊசி சிக்னலை முதலில் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பையும் இந்தப் பெட்டியில் செருகியதும் ரெகுலேட்டர் சத்தம் போயே போய்விட்டது, ஃப்ரிட்ஜ் டப் பாதியாகக் குறைந்தது. நல்ல மதிப்பெண்.

அடியில் ஓடிக்கொண்டிருந்த உம்ம் என்ற ஹம் மட்டும் அசையவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால் "இன்னும் பெரிய மாடல் இருக்கு சார்" என்கிறார். செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றினேன், ஹம் நின்றது. அந்த வயரின் வெளிக் கம்பி உறை வேறு எங்கோ எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் என் வீட்டு எர்த்தில் இருக்கிறது, டிவி ஆடியோ வயர் வழியாக இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம். எந்த விலைக் கண்டிஷனரும் கரண்ட் வழியாக வராத சத்தத்தை எப்படி நிறுத்தும்? இப்போது டிவியின் ஆடியோ ஆம்புக்கு ஆப்டிகல் கேபிளில் வருகிறது. ஒளி மட்டுமே போகும் இழையில் எர்த்துக்கு வழி இல்லை.

ஆம்பையும் அதே பெட்டியில் செருகியதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. ஆம்ப் கரண்டைச் சீராக இழுப்பதில்லை. உள்ளே உள்ள பெரிய கபாசிட்டர்களை நிரப்ப, அலையின் உச்சியில் மட்டும் மொத்தமாக இழுக்கும். 500 விஏ ட்ரான்ஸ்ஃபார்மர் அதற்குக் கொஞ்சம் திணறுகிறது. தனி ஆவர்த்தனத்தில் சத்தத்தைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கனம் குறைந்து கேட்டது. மகளை விட்டுப் பிளக்கை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரும்பி உட்கார்ந்து கேட்டேன், சந்தேகம் இல்லை. ஆம்ப் நேரே சுவர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். பெட்டி அட்டையில் 'சர்ஜ் ப்ரொடெக்ஷன்' (திடீர் வோல்டேஜ் எழுச்சியிலிருந்து காப்பு) என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான சர்ஜ் கருவிகளில் அந்த வேலையைச் செய்வது எம்ஓவி என்கிற சிறிய வட்டமான துத்தநாக ஆக்ஸைடு வில்லை. சாதாரண வோல்டேஜில் அது சும்மா இருக்கும். திடீரென்று உயர்ந்தால் கடத்தியாக மாறி அதிகப்படியைத் திருப்பிவிடும். மைக்ரோ வினாடிகளில் வந்து போகும் இடிமின்னல் எழுச்சிக்கு அது சரி. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அதனால்தான் பல பிளக் செருகும் நல்ல சர்ஜ் ஸ்ட்ரிப்பில் ஒரு விளக்கு இருக்கும். பல ஸ்ட்ரிப்புகளில் விளக்கு அணைந்த பிறகும் சாக்கெட் வேலை செய்யும். பாதுகாப்பு மட்டும் இருக்காது.

நம் ஊரில் எனக்குப் பயம் இன்னொன்று. தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால், லோடு குறைவாக உள்ள வீட்டில் 230 வோல்ட் எகிறி 400-ஐ நெருங்கக்கூடும். போன மழைக்காலத்தில் பக்கத்து பிளாக்கில் இரண்டு டிவி இப்படித்தான் போயின. இது மைக்ரோ வினாடி விவகாரம் இல்லை, யாராவது மெயினை அணைக்கும்வரை நிற்கும். எம்ஓவி அதில் சூடேறிக் கருகிவிடும். எனவே கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "வோல்டேஜ் 300 போனா இது தானா கட் ஆகுமா?" மேனுவலைப் புரட்டினார், உள்ளே யாரையோ கேட்டார். ஆகாதாம். அதாவது முன்பக்கத்தில் 330 என்று நீல எண்ணில் அழகாகக் காட்டிக்கொண்டே என் டர்ன்டேபிளை எரிக்கும். ஃபர்மேன் கம்பெனியின் சில மாடல்களில் வரம்பு மீறினால் தானே அணையும் வசதி இருக்கிறது. 38,000 வாங்குகிறவர்கள் இதையும் கொடுத்திருக்கலாம்.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதற்காக அந்தக் கடைக்குத் திரும்பப் போவேன். அங்கேயே கீழ்த் தளத்தில் 1,400 ரூபாய்க்கு டிஜிட்டல் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்றும், 3,000 ரூபாய்க்கு வீட்டு மெயின் லைனில் மாட்டும் சர்ஜ் தடுப்புக் கருவி (டைப் 2 எஸ்பிடி) ஒன்றும் வாங்கினேன். எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டையும் டிபி பாக்ஸில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) எம்சிபி சுவிட்ச் பக்கத்தில் மாட்டினார். ப்ரொடெக்டரில் மேல் வரம்பு 260 வோல்ட், கீழ் வரம்பு 180. தாண்டினால் டக் என்று வீடே அணைந்துவிடும், சரியானதும் சற்று நேரம் விட்டுத் தானே வரும். எஸ்பிடிக்கு நீளமாக வயரைச் சுருட்டி விட்டிருந்தார். "அண்ணா, இதைக் குட்டையா வெட்டிடுங்க" என்றேன். அரை மீட்டருக்கு மேல் வயர் போனால் எஸ்பிடியின் பலன் குறையும். அவருக்கு என் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனாலும் வெட்டினார்.

பிறகு அவர் மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். 18 வோல்ட். "எர்த் செத்துப்போச்சு சார், இதுல எதை மாட்டியும் பிரயோஜனம் இல்ல." எர்த் நல்லபடியாக இல்லாவிட்டால் எஸ்பிடி அதிகப்படியை எங்கே கொட்டும்? கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருந்த எர்த் குழி காய்ந்து பாளமாகிக் கிடந்தது. குழாயைச் சுரண்டி, கிளாம்பை மாற்றி, கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு மீட்டர் 1.6 காட்டியது. அசோசியேஷன் செயலாளர் அந்தத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்டது தனிக்கதை.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், எனக்கு வேண்டாம். கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது இங்கே 200-க்கு இறங்குகிறது. ஆம்பின் உச்ச பவர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரிலே ஸ்டெபிலைசர் டக் டக் என்று படி மாறுவது பாட்டுக்கு நடுவில் சகிக்காது. டெக்னிக்ஸ், வேகத்தைப் படிகம் பிடித்து வைக்கும் குவார்ட்ஸ் கன்ட்ரோலில் சுற்றுகிறது, வோல்டேஜ் இறங்கினாலும் சுருதி இறங்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிபி பாக்ஸைத் தொட முடியாது. அவர்களுக்கு அதே வோல்டேஜ் ப்ரொடெக்டர் பிளக்கில் செருகும் வடிவிலும் கிடைக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு சர்ஜ் ஸ்ட்ரிப். இரண்டும் 220–240 வோல்டுக்கானவையா என்று பார்த்து வாங்குங்கள். நியூ ஜெர்சி அத்தை கொண்டுவந்த 120 வோல்ட் ஸ்ட்ரிப்பை இங்கே செருகினால் உள்ளே உள்ள எம்ஓவி படார் என்று வெடிக்கும். பக்கத்திலேயே விழும் ஐப்பசி இடிக்கு இது எதுவுமே போதாது; பிளக்கோடு கேபிள் வயரையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றிவிட வேண்டியதுதான்.