சாஜரில் சிவப்பு லைட் எரிந்தால் உடனே பற்றரியை மாற்றக் கொடுக்காதீர்கள்

கொழும்பில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக அதைக் கன நாள் ஓடாமல் நிறுத்தி வைப்பவர்கள், இதை ஒருக்கா முழுதாக வாசியுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் எங்கள் வீட்டாருக்கு நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. காசு போனது ஒருபுறம். அங்கே செய்த மாதிரி வேலை இன்னும் எத்தனை பைக்குகளின் சீட்டுக்கு அடியில் கிடக்கிறதோ என்ற பயம்தான் பெரிது.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில். பைக் அப்பாவுடையது, பழசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு உள்ளதைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கத்தான் எல்லோரும் பழகினோம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையும் கியூஆர் பங்கீடுமாக இருந்த நேரம் பைக் வாரக்கணக்கில் சும்மா நின்றது. அப்போது அப்பா ஒரு சின்னத் தானியங்கி சாஜர் வாங்கினார். கிளிப் இரண்டையும் பற்றரியில் கவ்வ விட்டால் மஞ்சள் லைட், நிறைந்ததும் பச்சை. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

ஒவ்வொரு முறையும் குனிந்து சைட் கவரைக் கழற்ற அப்பாவுக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சாஜர் பெட்டியோடு இன்னொரு வயரும் வந்திருந்தது. ஒரு நுனியில் பற்றரியில் முறுக்கும் வளையங்கள், நடுவில் பியூஸ் கூடு, மறு நுனியில் இரண்டு பின் பிளக். இதை நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் பிளக்கை மட்டும் கொளுவினால் போதும். அதைப் பூட்டித் தரச் சொல்லித்தான் அப்பா அந்தக் கடைக்குப் போனார். வயர் கட்டை, நீட்ட வேண்டும் என்றார்கள். நீட்டித் தந்தார்கள், கூலியும் வாங்கினார்கள். அன்று இரவு கொளுவினால் சாஜரில் சிவப்பு லைட்.

அடுத்த தடவை தம்பி பைக்கைக் கொண்டுபோனான். அங்கிருந்தவர் மீற்றர் எதையும் எடுக்கவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பற்றரியின் இரண்டு முனையையும் தொட்டு ஒரு பொறி பறக்க விட்டார். "பாத்தியா தம்பி, பொறி சின்னன். செல் செத்திட்டுது" என்றார். காலையில் செல்ஃபில்தானே ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்தேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். "அது கடைசி மூச்சு. நாளைக்கு நடுரோட்டில நிப்பாய்" என்று பதில். பத்தொன்பது வயதுப் பெடியன், அப்பாவின் பைக், பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பத்தாயிரத்துக்குக் கிட்டக் கொடுத்துப் புதுப் பற்றரி போட்டு வந்தான். பழையதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். பழைய பற்றரிக்குள் இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, அதற்கென்று ஒரு சதமும் கழிக்கவில்லை. பில்லும் இல்லை.

இந்தப் பொறிச் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எதையும் காட்டாது. அரைகுறையாக இறங்கிய பற்றரியும் பொறி விடும், முழுதாக நிறைந்ததும் விடும். சாஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், அந்த இடத்தில் பொறி பறந்தால் பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கலாம். உங்கள் பைக்கில் யாராவது இதைச் செய்யக் கை ஓங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதுப் பற்றரியோடு வீட்டுக்கு வந்து கொளுவினால் அதே சிவப்பு லைட். கடைக்குப் போன் எடுத்தோம். "அப்ப சாஜர்தான் பத்திட்டுது. எங்களிட்ட பெரிய சாஜர் இருக்கு, வந்து எடுங்கோ" என்றார்கள். பழைய மாதிரி, ட்ரான்ஸ்ஃபோமர் வைத்த இரும்புப் பெட்டிச் சாஜர் அது. அதை மட்டும் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சான் மின்சார வேலை செய்பவர். ஞாயிறு காலை மல்டிமீற்றரோடு வந்தார். முதலில் பற்றரியின் முனைகளிலேயே வைத்துப் பார்த்தார், 12.8 வோல்ற். நிறைந்த பற்றரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6க்கு மேல் காட்ட வேண்டும், ஆகவே அது சரி. அப்புறம் பைக் பக்கத்துப் பிளக். அதில் ஒரு பின் உறைக்குள் மறைந்திருக்கும், மற்றது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பற்றரியிலிருந்து வரும் பக்கத்தில் மறைந்திருப்பதுதான் பிளஸ்ஸாக இருக்க வேண்டும். மீற்றரின் சிவப்பு முனையை அதிலும் கறுப்பு முனையை வெளிப் பின்னிலும் வைத்தார். திரையில் அதே 12.8, ஆனால் முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ். "வயரைத் திருப்பிப் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

சாஜர் பழுதே இல்லை. தலைகீழாகக் கொளுவியிருப்பதைக் கண்டு கரண்ட் விடாமல் நின்றிருக்கிறது, சிவப்பு லைட் அதற்கான எச்சரிக்கை. கடைக்காரர் சொன்ன இரண்டு காரணமும் பொய், பிழை முழுக்க அவர்கள் நீட்டிய வயரில்.

சீட்டைக் கழற்றி அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தோம். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அதை உரித்தால் செப்பு இழைகளைக் கையால் முறுக்கி விட்டிருக்கிறார்கள், ஈயம் உருக்கி ஒட்டவில்லை. நீட்டப் போட்ட வயர் இரண்டும் ஒரே கறுப்பு நிறம், எது பிளஸ் எது மைனஸ் என்று வெட்டியவருக்கே தெரிந்திருக்காது. பியூஸ் கூட்டைக் காணவேயில்லை. அந்தத் துண்டையே வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பைக்கின் இரும்புச் சட்டம் முழுவதும் பற்றரியின் மைனஸோடு சேர்ந்தது. வயரைத் திருப்பிப் போட்டதால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் பிளஸ் ஆகிவிட்டது. ஓடும்போது அந்தப் பிளக் தொங்கி, அந்தப் பின் சட்டத்தில் உரசினால் நேரடி ஷோர்ட். பியூஸ் இருந்தால் அது எரிந்து அத்தோடு முடியும். இல்லாதபோது, கையில் அடங்கும் சின்னப் பற்றரிகூடப் பல பத்து அம்பியரை ஒரே வீச்சில் கொட்டும், அந்த மெல்லிய வயர் பழுத்து எரியும். அதுவும் சீட்டுக்கு அடியில், பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில். எங்கள் தரிப்பிடமோ கட்டடத்தின் அடியில், மேலே குடும்பங்கள். அந்த இரும்புப் பெட்டிச் சாஜரில் பிளஸ் மைனஸ் மாறினால் கரண்டை நிறுத்தும் பாதுகாப்பு இல்லை. அதைத் தலைகீழாகக் கொளுவியிருந்தால் சாஜரும் பற்றரியும் சேர்ந்து அந்த வயருக்குள்ளால் கரண்டைத் தள்ளியிருக்கும்.

திருத்தியது சின்ன வேலை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பியூஸ் கூடும் 7.5 அம்பியர் பியூஸும் சிவப்பு, கறுப்பு வயரும் வாங்கினோம். பியூஸைப் பற்றரியின் பிளஸ்ஸுக்கு மிகக் கிட்டப் போட்டு, இணைப்புகளுக்கு ஈயம் வைத்து, மைனஸைக் கடைசியாகப் பூட்டினார் மச்சான். கொளுவியதும் மஞ்சள் லைட், பின்னேரம் பச்சை.

உங்கள் சாஜர் வேலை செய்யாவிட்டால் முதலில் கிளிப்பை எடுத்து நேரே பற்றரியில் போட்டுப் பாருங்கள். அப்படி ஏறினால் பிழை நடு வயரில். மீற்றர் இருந்தால் பிளக் நுனியில் வையுங்கள். பற்றரியில் காட்டிய அதே அளவு அங்கேயும் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் பியூஸ் போயிருக்கும் அல்லது வயர் அறுந்திருக்கும், எண் ஆடிக்கொண்டே இருந்தால் வளையம் இறுகவில்லை. எங்களைப் போலக் கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் வளையத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதைச் சுரண்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, சாஜரின் வெறும் நுனியில் மீற்றரை வைத்து "பாருங்கோ, சைபர், சாஜர் செத்திட்டுது" என்று காட்டுவார்கள். நம்ப வேண்டாம். பல தானியங்கி சாஜர்கள் பற்றரியை உணர்ந்த பிறகுதான் கரண்ட் விடும். பற்றரி மிகவும் இறங்கிக் கிடந்தாலும் அவை தொடங்க மறுக்கும், அதற்காகவும் உடனே எறிய வேண்டியதில்லை. நல்ல இடத்தில் மெதுவாக ஏற்றி, பிறகு லோட் வைத்து, அதாவது கரண்ட் இழுக்க விட்டு, பார்க்கச் சொல்லுங்கள். நிறைய ஏற்றிய பிறகும் 10.5 வோல்ற் அளவில் நின்றால் பற்றரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று போயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

பிறகு நானே கடைக்குப் போனேன். பழைய பற்றரியைக் கேட்டேன், பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார் என்றார்கள். வெட்டிய பியூஸ் கூட்டைக் கேட்டேன், பதில் இல்லை. பில் கேட்டேன், பற்றரிக்கு உத்தரவாதக் கார்ட் தந்தோமே என்றார்கள். அந்தக் கார்டில் திகதியும் இல்லை, முத்திரையும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கியவர் கேட்டால் விற்றவர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி 1977. நான் வயர்த் துண்டுகளையும் மீற்றர் படத்தையும் சேர்த்துக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் எங்கேயாவது சாஜர் வயர் பூட்டியவர்கள் சீட்டைக் கழற்றி, பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் வயரில் பியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் மைனஸையும் அப்புறம் அந்த வயரையும் கழற்றி எடுத்துவிடுங்கள். பியூஸ் போடும்வரை கிளிப்பிலேயே சாஜ் பண்ணலாம்.