3 அடி மடக்கு ரேம்ப்: ஏழு மாதம் வேலூரில் தூக்கிக்கொண்டு சுற்றியதில் தெரிந்தது

ரேம்ப் என்றால் படியின் மேல் சாய்த்து வைத்து வீல்சேரை ஏற்றும் பலகை. முதலில் விலை. ரூ.9,800, வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அலுமினியம், நடுவில் நீளவாக்கில் கீல், மடக்கினால் கைப்பிடி வைத்த பெட்டி மாதிரி ஆகிவிடும். நீளம் 3 அடி, அகலம் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 8 கிலோ. 270 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், நானும் என் வீல்சேரும் சேர்ந்தே 85 கிலோதான், அதனால் அந்தக் கவலை இல்லை. கம்பெனி பெயர் போடவில்லை, ஏனென்றால் அச்சு அசல் இதே சாமானை ஆறேழு பெயரில் விற்கிறார்கள், நான் ஒரு பெயரைப் போட்டால் நீங்கள் அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். அளவைப் பாருங்கள், பெயரை விடுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி, இல்லையென்றால் மீதி புரியாது. 2013-ல் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மையத்தில் வாரக்கணக்கில் இருந்தேன். மேரி வர்கீஸ் என்ற அந்த டாக்டர் அம்மா 1954-ல் ஒரு விபத்தில் என்னைப் போலவே ஆகி, அதற்கப்புறமும் வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர், அவர் முயற்சியில்தான் 1966-ல் அந்த மையம் வந்தது. அங்கே எனக்கு முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிற்பதிலிருந்து கட்டிலுக்கு மாறுவது வரை எல்லாம் பழக்கிவிட்டார்கள், வளாகத்துக்குள் ராஜா மாதிரி திரிந்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் இந்த ஊரே படிக்கட்டு என்று கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை 28 வருடம் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கவனித்ததில்லை.

நம் ஊரில் படியைப் பார்த்து நின்றால் யாரும் சும்மா போக மாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். “இன்னாணா, உள்ள போணுமா, புடிங்கடா அந்தப் பக்கம்” என்று நாலு பேர் வந்துவிடுவார்கள், தூக்கியும் விடுவார்கள். ஆனால் எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவர்களுக்குத் தெரியாது. கைவைக்கும் பகுதியைப் பிடிப்பார்கள், அது என் வீல்சேரில் கழன்று வரும் சாமான். ஒருமுறை அப்படிக் கழன்று, சாய்ந்து, பக்கத்தில் நின்றவர் இடுப்பில் விழுந்தேன், அடி ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டில் இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த பத்திரிகை வந்தபோது “மொய்ய மட்டும் குடுத்து அனுப்பிடலாம்” என்று நானே சொல்லிவிட்டேன். அதற்கடுத்ததற்கும். அப்படியே ஆறு வருடம் போய்விட்டது. உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. 41 வயது ஆம்பளையை மூட்டை மாதிரி தூக்கி வைப்பதற்கு ஒவ்வொரு தடவையும் சரி சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்கு மனசு வரவில்லை.

சரி, ரேம்புக்கு வருவோம். ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள், விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அரசு விதிகளில் சாய்வுக்கு 1-க்கு 12 என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். அப்படியென்றால் என் 3 அடி ரேம்ப் நியாயமாக மூன்றே மூன்று அங்குலப் படிக்குத்தான் லாயக்கு. வேலூரில் 3 அங்குலப் படி எங்கே இருக்கிறது? நான் டேப் வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: டீக்கடை ஐந்து, சலூன் ஆறு, மெடிக்கல் ஷாப் ஆறரை, பிரியாணிக் கடை ஏழரை. ஆறு அங்குலப் படிக்கு 3 அடி ரேம்ப் வைத்தால் 1-க்கு 6, அதாவது இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு செங்குத்து. தனியாக ஏறலாம் என்று கனவு காணாதீர்கள். கை பலமாக இருந்தாலும் நாற்காலி பின்னால் கவிழும். பின்னால் ஒரு ஆள் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், நான் முன்னால் குனிந்து சக்கரத்தைத் தள்ளுவேன். இறங்கும்போது முதுகுப்பக்கமாக இறங்க வேண்டும், முகம் கடையைப் பார்த்தபடி. என் மகன் ஒன்பதாம் வகுப்பு, அவனே ஒற்றை ஆளாகச் செய்கிறான். நாலு பேர் செய்த வேலைக்கு ஒரு பையன் போதும் என்பதுதான் இந்தச் சாமானில் நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது.

அந்த 6 அங்குலச் சலூனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுந்ததிலிருந்து எனக்கு முடி வெட்ட அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வருவார், ஞாயிறு மதியம், வாசலில் நாற்காலி போட்டு, பத்தே நிமிஷம், முடிந்தது. சௌகரியம்தானே என்பார்கள். சலூனுக்கு முடி வெட்டவா போகிறோம்? ரேம்ப் வந்த இரண்டாவது வாரம் அவர் கடைக்கே போனேன். படிக்கு முன்னால் சாக்கடை, அதன் மேல் கல், கல் ஒரு பக்கம் ஆடும். ரேம்பின் கீழ்முனை சாக்கடையைத் தாண்டித் தெருவில் உட்கார வேண்டும், மேல்முனை படியில் குறைந்தது இரண்டு அங்குலமாவது ஏறிப் படிய வேண்டும், இரண்டும் சேர்ந்து வர மூன்று தடவை தள்ளித் தள்ளி வைத்தான் பையன். “நைனா, ஆடுது” என்றான். டைல்ஸ் மேல் அலுமினியம் வழுக்குகிறது. கடைக்காரர் துண்டை நனைத்து அடியில் போட்டார், நின்றுவிட்டது. உள்ளே போனால் எனக்கு முன்னால் மூன்று பேர். ஒருத்தர் தினத்தந்தியைப் பிரித்து எனக்கு ஒரு தாள் கொடுத்தார், கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், பாலாற்றில் தண்ணீர் வந்தது பற்றி ஒருத்தர் அளந்துகொண்டிருந்தார், முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் காத்திருந்ததே இல்லை.

அந்த ஈரத் துண்டு யோசனையை வைத்துத்தான் அப்புறம் பஞ்சர் கடையில் பழைய டியூபை வெட்டி இரண்டு முனையின் அடியிலும் ஒட்டினேன். 40 ரூபாய். இதைக் கம்பெனியே செய்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு குறை, வெயில். மேற்பரப்பில் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் மாதிரி கறுப்பாக ஒன்று ஒட்டியிருக்கிறது, மழையில் நல்ல பிடிமானம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பத்து நிமிஷம் தெருவில் கிடந்தால் தோசைக்கல். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பையன் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து வண்டியில் ஒரு கோணிப்பை எப்போதும் இருக்கிறது. கீலில் மண் சேர்ந்தால் கிறீச்சென்று ஊருக்கே கேட்கும், ஒரு சொட்டு மிஷின் ஆயில் போதும். ஆட்டோவில் கால் வைக்கும் இடத்தில் குறுக்கே நிற்க வைக்கலாம். “இன்னாணா இது, கேரம் போர்டா?” என்று இதுவரை நாலு ஆட்டோக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். ஒருத்தரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

படி ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்தச் சாமான் குப்பை. ஒளிவுமறைவே இல்லை. இரண்டு படி என்றால் 12 அங்குலம், 3 அடிக்கு 12 அங்குலம் என்பது சறுக்குமரம். 5 அடி, 6 அடியிலும் மடக்கு ரேம்ப் வருகிறது, விலையும் எடையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு, பையன் தூக்க மாட்டான். கல்யாண மண்டபங்கள் இங்கேதான் உதைக்கின்றன. மாசி முகூர்த்தத்தில் மச்சான் மகள் கல்யாணம், முன்வாசலில் ஐந்து படி, இரண்டு பக்கமும் சிமெண்டு யானை. வழக்கம்போல நாலு பேர் ஓடி வந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எந்த மண்டபத்திலும் அரிசி மூட்டையும் அண்டாவும் போக ஒரு வழி இருந்தே ஆக வேண்டும், இல்லையா? பின்னால் இருந்தது, ஒரே படி, ஐந்தரை அங்குலம். ரேம்பைப் போட்டு சமையல்கட்டு வழியாக உள்ளே போனேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா காலை மடக்கி வழி விட்டார், இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய், பார்த்ததுமே தெரிந்தது. மாஸ்டர் சூடாக ஒரு வடையைக் கையில் திணித்தார். பந்திக்கு முன்னாடியே வடை சாப்பிட்ட ஒரே சொந்தக்காரன் நான்தான். இருந்தாலும் வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றவர்களை நான் பார்க்கவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

“ரேம்ப் இருக்கே சார்” என்று பல இடத்தில் பெருமையாகக் காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் பைக் ஏற்றுவதற்காகப் போட்ட ஒரு முழம் சரிவு. அதில் வீல்சேரை ஏற்றினால் நேராக வானத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் நல்ல ரேம்பாகவே கட்டி, அதன் நடுவில் பூந்தொட்டி வைத்திருப்பார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் எங்களால் உள்ளே போக முடிய வேண்டும். பழைய கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூன், ஆக கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், இந்த அணுகல் தரங்களை வெறும் ஆலோசனையாக வைத்திருந்தால் செல்லாது, கட்டாயமாக்குங்கள் என்று சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் டீக்கடை வாசலில் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் டீ ஆறிவிடும். என் கையில் பலகை இருக்கிறது, நான் போட்டுக்கொண்டு போகிறேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதை அதற்காக விட்டுவிடவில்லை. சில இடத்தில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை: தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர் இரண்டு மாதம் தன் வாசலில் நான் பலகை போட்டு மடக்குவதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாதம் அவரே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டார். அளவு சொல்லத்தான் நான் போனேன். ஆறரை அங்குலத்துக்கு ஆறரை அடி இழுக்கணும் என்றதும் “ரோட்டுக்கே வந்துடும் போலயே” என்று தலையைச் சொறிந்தார். கடையின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டித் திருப்பிக் கட்டினோம். இப்போது அதில் அதிகம் ஏறுவது பிரஷர் மாத்திரை வாங்க வரும் பாட்டிகள்தான்.

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டு வரும் திருவிழா. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், சின்ன வயசில் ஒரு வருடம் விட்டதில்லை. விழுந்த பிறகு போனில்தான் பார்த்தேன், அதுவும் யாராவது எடுத்து அனுப்பினால். அக்கா வீட்டுக்கு மூன்று படியும் திண்ணையும், ரேம்ப் உதவாது, அது தெரிந்துதான் போனோம். எதிரில் லுங்கிக் கடை, ஒரே படி. முந்தின நாளே அத்தான் பேசி வைத்திருந்தார். விடியும் முன்னாடி கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி, துணிக்கட்டுகளை ஓரம் தள்ளி, எனக்கு இடம் விட்டிருந்தார். ரேம்பில் ஏறி உள்ளே திரும்பி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் கீழே இருந்தால் எனக்குத் தெரிவது முதுகுகள்தான், அந்த ஆறு அங்குல உயரத்தில் தலைகளுக்கு நடுவே சிரசு வருவது தெரிந்தது, மாலைக்குள் அம்மன் முகம், தெருவெல்லாம் தேங்காய் உடைகிற சத்தம், ஓடு தெறித்து என் மடியில் ஒன்று விழுந்தது. பலகையை எடுத்து வைக்க மறந்துவிட்டோம், அதன் மேல் நாலைந்து பிள்ளைகள் ஏறி நின்றுகொண்டார்கள். 270 கிலோ உண்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்றரை. ரப்பர் ஒட்டாததற்கு ஒன்று குறைத்தேன், சாய்வுக் கணக்கை எங்கேயும் சொல்லாமல் “எல்லாப் படிகளுக்கும் ஏற்றது” என்று விளம்பரம் போட்டதற்கு அரை. 2 அடி சைஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கவே வாங்காதீர்கள், அது வாசல் நிலைக்குத்தான். வாங்கும் முன் நீங்கள் போக ஆசைப்படும் ஐந்து இடத்தின் படியை அளந்துகொள்ளுங்கள், மற்றவர்கள் சொல்லும் அளவை நம்பாதீர்கள். அடுத்த மாதம் அக்கா மகளுக்கு வளைகாப்பு, ஹாலுக்கு நேற்றுத்தான் போன் போட்டுக் கேட்டேன், படி இருக்கா என்று. “படியெல்லாம் இல்ல சார், தாராளமா வாங்க” என்றார் மேனேஜர். ஒண்ணு கூட இல்லையா என்றேன்.

“இல்ல சார். ரெண்டே ரெண்டுதான்.”