செக்குக் கடையில் சோப்புக்கு எதை வாங்கலாம்?

காங்கேயம் பக்கம் நான் வழக்கமாகப் போகும் மரச்செக்குக் கடையைச் சமையல்காரர்கள் போதுமான அளவு புகழ்ந்துவிட்டார்கள். நான் அங்கே போவது சோப்புக்காக. வாய்க்கு ருசிப்பதும் எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா என்ற காரத்துக்குப் பொருந்துவதும் வேறு வேறு சங்கதிகள் என்பதால், என் மதிப்பெண் பட்டியலும் கொஞ்சம் தாறுமாறாகத்தான் இருக்கும்.

அந்தக் கடையின் பெருமையே தேங்காய் எண்ணெய்தான். சோப்புக்கு அதை வாங்காதீர்கள். எண்ணெயில் குறையே இல்லை. வெயிலில் காய்ந்த நல்ல கொப்பரை, டின்னைத் திறந்ததும் வருகிற அந்த மணம், எல்லாம் சரி. காஸ்டிக் கரைசலோடு சேர்ந்த பிறகு அந்த மணத்தைத் தேடினாலும் கிடைக்காது. சோப்புக்கு நுரையும் கெட்டித்தன்மையும் தருவது லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி அதுதான். மரச்செக்கில் ஆட்டினாலும் இரும்பு எக்ஸ்பெல்லரில் பிழிந்தாலும் அந்த அளவு மாறாது. கடைக்காரரே ஒருமுறை, "சோப்புக்குப் போய் இதையா ஊற்றுகிறீர்கள் அம்மிணி?" என்று கேட்டார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரி என்பதாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை. சிக்கு வாடை இல்லாத சாதாரண எண்ணெய் போதும். அதையும் மொத்த எண்ணெயில் 30 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அழுக்கு நன்றாகப் போகும், தோலும் வறண்டு போகும்.

மிச்சம் பிடித்த பணத்தை இலுப்பை எண்ணெயில் போடுங்கள். இந்தக் கடைக்கு நான் போவதற்கு உண்மையான காரணம் அதுதான். மஞ்சள் வெண்ணெய் போல உறைந்து கிடக்கும். உள்ளங்கையில் ஒரு துளி வைத்தால் மெல்ல உருகும். பாமிட்டிக், ஸ்டியரிக் ஆகிய இரண்டு கெட்டிக் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும். மீதியில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஓலிக் அமிலம். பாமாயில் இல்லாமல் சோப்பு கெட்டியாக வராது என்று சொல்பவர்கள் இதைத் தொட்டுப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அடுத்த மரத்து விதையைப் பிழிந்த எண்ணெய் இருக்கும்போது, ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெயைக் கிராம் கணக்கில் தருவித்து "இயற்கை" என்று ஒட்டி விற்பது எனக்கு விளங்கவில்லை. ஷியா மரமும் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம்தான்.

ஒரு எச்சரிக்கை. பூசைச் சாமான் கடையில் இலுப்பை எண்ணெய் என்று கிடைப்பதை வாங்கிவிடாதீர்கள். "விளக்கேற்ற மட்டும்" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பல எண்ணெய்களின் கலப்பு. எது எவ்வளவு என்று தெரியாமல் காஸ்டிக்கின் அளவைக் கணக்கிட முடியாது. நூறு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 18 கிராம் காஸ்டிக் பிடிக்கும். விளக்கெண்ணெய்க்கு 13 கிராம்கூட வேண்டாம். இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்தால் சோப்பு தோலைப் பதம் பார்த்துவிடும்.

விளக்கெண்ணெய் இங்கே நன்றாக இருக்கிறது. வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி எடுக்கும் கருத்த ரகமும் உண்டு. அதன் புகை வாடை சோப்பிலும் ஒட்டிக்கொள்ளும். இவர்கள் தருவது வெளிர் நிறம், தேன் பதம். எட்டிலிருந்து பத்து சதவீதம் சேர்த்தால் தேங்காய் எண்ணெய் தரும் நுரை சட்டென்று அடங்காமல் நிற்கும். அதிகம் ஊற்றினால் கட்டி பிசுபிசுக்கும். வேப்பெண்ணெய் அசல்தான், வாடையே சாட்சி. பத்து சதவீதத்தைத் தாண்டினால் வீட்டில் யாரும் அந்தச் சோப்பைத் தொட மாட்டார்கள். கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயை இட்லிப் பொடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லினோலிக் அமிலம் அதில் அதிகம். நாளாக ஆக, சோப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து காறல் வாடை அடிக்கும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் மூலிகைத் தூள் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. அந்தப் பகுதிக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். அரைத்த தேதி எதிலும் இல்லை. குப்பைமேனித் தூள் ஏற்கெனவே பழுப்பேறிக் கிடந்தது. பச்சையாகவே இருந்தாலும் காரத்தில் அது பழுப்பாகத்தான் மாறும். பச்சைப் பசேலென்று "மூலிகைச் சோப்பு" கண்டால் சாயம் இருக்கிறதா என்று கேளுங்கள். மஞ்சள் தூள் காரத்தில் பட்டதும் செக்கச் சிவந்துவிடும். பயப்பட வேண்டாம், காயக் காய ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு வரும். வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும். வெட்டிவேர்த் தூளை மெல்லிய துணியில் சலிக்காமல் போட்டால் முதுகைப் பிறாண்டும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். புளிப்பு காஸ்டிக்கின் ஒரு பங்கைத் தின்றுவிடும், கணக்கு குழம்பும்.

கடையின் மேல் எனக்குள்ள பெரிய குறை அளவைதான். எல்லாம் லிட்டர். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம், விளக்கெண்ணெய் 960. சோப்புக் கணக்கு முழுவதும் எடையில்தான் நடக்கும். தராசு இருக்கிறது, புண்ணாக்கு நிறுக்க மட்டும் எடுப்பார்கள். இதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு கிராம் தராசு வாங்கி வைத்துக்கொண்டேன். எண்ணெயின் அடியில் கசடும் கொஞ்சம் வரும். ஓர் இரவு அசைக்காமல் வைத்து, மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும்.

போகிறவர்கள் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகலாம், மறுப்பதில்லை. இலுப்பை எண்ணெய்க்கு மட்டும் அகலமான வாயுள்ள எவர்சில்வர் தூக்கு நல்லது. கடையில் தரும் குறுகிய கேனில் வாங்கினால், மார்கழிக் குளிரில் உள்ளேயே இறுகிக்கொண்டு, வெந்நீரில் நிறுத்தி வைத்தால்தான் வெளியே வரும்.