"முழு செட்" என்று விற்கும் சைட்மவுண்ட் ஹார்னஸ்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

டேங்கை முதுகில் சுமக்காமல் உடம்பின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு இறங்கும் சைட்மவுண்ட் ஸ்கூபா பழகப் போகிறவர்களிடம் "முழு செட் சார், மாட்டிக்கிட்டு இறங்க வேண்டியதுதான்" என்று சொல்லி ஹார்னஸ் (டேங்குகளை உடம்போடு பிடிக்கும் பட்டைகள்), ரெகுலேட்டர், விங் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி விற்கப்படுகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அனுப்பிய அப்படி ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. கடையின் பெயரை எழுதவில்லை. இதே பெட்டி நாளைக்கு வேறு பெயரிலும் வரும்.

வாங்கியவரிடம் கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, டி-ஷர்ட் சைஸ் என்ன என்பது. உயரம், மார்பளவு, இடுப்பளவு, வெட்சூட்டின் தடிமன், எந்த டேங்கோடு இறங்கப் போகிறார் என்பது எதுவும் கேட்கப்படவில்லை. 1960-களில் இங்கிலாந்தின் குகைகளில் நீர் நிறைந்த இடுக்குகளுக்குள் போனவர்கள், டேங்க் முதுகில் இருந்தால் நுழைய முடியாது என்று இடுப்போரம் கட்டிக்கொண்டதுதான் சைட்மவுண்டின் தொடக்கம். அவரவர் உடம்புக்கு அவரவரே அளந்து செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அளவெடுக்காமல் கொடுத்த ஹார்னஸ், அளவெடுக்காமல் தைத்த ரவிக்கை மாதிரிதான்.

பெட்டியில் இருந்ததிலேயே ஆபத்தான குறை, டேங்கின் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில். சைட்மவுண்டில் இரண்டு டேங்குகளும் ஒன்றோடொன்று சேராதவை. ஒன்றில் கோளாறு வந்தால் அதன் வால்வை மூடிவிட்டு மற்றதில்தான் மேலே வர வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி பர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் டேங்க் வால்வில் மாட்டும் பகுதி), தனி செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி), டேங்கில் மிச்சமுள்ள அழுத்தத்தைக் காட்டும் தனி பிரஷர் கேஜ் கட்டாயம். வந்த செட்டிலோ கேஜ் ஒன்றுதான். ஒரு சாதாரண ரெகுலேட்டர் செட்டில் இருந்த ஆக்டோபஸை (அவசரத்துக்கான உபரி செகண்ட் ஸ்டேஜ்) கழற்றி, இன்னொரு பர்ஸ்ட் ஸ்டேஜில் திருகி, "இரண்டாவது ரெகுலேட்டர்" என்று பில் போட்டிருந்தார்கள். கேஜ் இல்லாத டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்? இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சுவாசித்து, இரண்டின் அழுத்த வித்தியாசம் 30–40 பாருக்கு (அழுத்தத்தின் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த முறையின் அடிப்படை. அதையே செய்ய முடியாது.

ஹோஸ்களும் அப்படியே. பொதுவாக வலது டேங்கிலிருந்து 2.1 மீட்டர் நீள ஹோஸ், இடது டேங்கிலிருந்து 55–60 செ.மீ. ஹோஸ். இடது செகண்ட் ஸ்டேஜ் கழுத்தில் ஒரு மெல்லிய பஞ்சி (இழுபடும் ரப்பர் கயிறு) வளையத்தில் தொங்கும். கேஜுக்கு 15 செ.மீ. ஹை பிரஷர் ஹோஸ் போதும். வந்ததில் 1 மீட்டர் மஞ்சள் ஹோஸும், கேஜுக்கு 80 செ.மீ. ஹோஸும். அந்த 80 செ.மீ. ஹோஸ் வெளியே வளைந்து நின்று பவளத்திலும் கயிற்றிலும் மாட்டும். ஒரு மீட்டர் ஹோஸை வலது அக்குளிலிருந்து மார்பைக் குறுக்கே கடந்து கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தால், காற்றுத் தீர்ந்தவருக்குக் கொடுக்க நீளம் இருக்காது. போதாததற்கு இரண்டு பர்ஸ்ட் ஸ்டேஜும் யோக் வகை, அதாவது வால்வை வெளியிலிருந்து கவ்வும் பிடி உள்ளவை. அக்குளில் அந்தப் பிடி முட்டும், பஞ்சி அதில் சிக்கும். வால்வுக்குள் திருகி ஏறும் டின் வகையே சரி. நம் பக்கத்து டேங்குகளில் வால்வுக்குள் திருகு வளையம் உள்ளதென்றால், வால்வை மூடிய நிலையில் அதை அலன் கீயால் கழற்றினால் டின் ஏறும். டைவ் மையத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விங், அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்தக் காற்று நிரப்பும் பை. ஒட்டியிருந்த லேபிள் 18 கிலோ தூக்கும் என்றது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம்: இன்ஃப்ளேட்டர் (காற்று ஏற்றும் குழாய்) வழியாக விங்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பித் தொங்கும் தராசில் மாட்டுங்கள். உள்ளே எத்தனை லிட்டர் தண்ணீரோ, ஏறத்தாழ அத்தனை கிலோ தூக்கும். இது 11 கிலோவைக்கூடத் தொடவில்லை. 3 மி.மீ. வெட்சூட்டும் அலுமினியம் டேங்கும் என்றால் 11 கிலோ பரவாயில்லைதான். லேபிளை நம்பிக் கனமான ஸ்டீல் டேங்கைப் போட்டிருந்தால் கதை வேறு. கூடவே, அது சைட்மவுண்ட் விங்கே அல்ல. முதுகு டேங்குக்கான விங்கில் பஞ்சி கட்டியது. அதில் காற்று தோள்பக்கம் சேரும், கால் தொங்கும். சைட்மவுண்ட் விங்கில் காற்று இடுப்பைச் சுற்றி நிற்க வேண்டும்; வெளியேற்றும் வால்வு பின்பக்கம் இடுப்பருகே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பஞ்சிதான் பலர் கவனிக்காதது. தந்தது 4 மி.மீ. கயிறு. டேங்க் வால்வை அக்குளில் பிடித்துவைக்கப் பொதுவாக 6 முதல் 8 மி.மீ. தேவை. மெல்லியது நீண்டு நீண்டு தொய்ந்துவிடும். தொய்ந்தால் வால்வு கீழே இறங்கி டேங்க் வெளிப்பக்கம் உருளும். மிகவும் இறுக்கமானால் மாட்டவே முடியாது, மூச்சும் முட்டும். முதுகுப் பட்டையில் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தொடங்கி, அக்குள் வழியாக வந்து, வால்வைச் சுற்றி, மார்பு டி-ரிங்கில் (D வடிவ உலோக வளையம்) முடியும்படி முதலில் சற்று நீளமாகவே வெட்டுங்கள். முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஒரேயடியாக அளந்து வெட்டி வீணாக்காதவர் குறைவு.

தண்ணீருக்குள் அந்தச் செட் செய்தது இது. அலுமினியம் 80 எனப்படும் 11 லிட்டர் டேங்கில் நிரம்பிய காற்றின் எடை சுமார் 2.6 கிலோ. அதனால் நிரம்பியபோது லேசாக அமிழும் டேங்க், காலியாகும்போது ஒன்றரை, இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். வால்வுப் பக்கம் ரெகுலேட்டரின் கனம் இருப்பதால் மிதப்பது அடிப்பக்கம்தான். பின்னால் டேங்குகள் இரண்டும் வால் தூக்கி நிற்கும். இதற்காகத்தான் இடுப்புப் பட்டையில் நகரும் டி-ரிங், அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி. தொடக்கத்தில் இடுப்பெலும்புப் பக்கம் மாட்டி, காற்றுக் குறையக் குறைய வயிற்றுப்பக்கம் நகர்த்தினால் டேங்க் உடம்புக்கு இணையாகத் திரும்பும். இங்கே ஒரே ஜோடி, அதுவும் முதுகோரம் தைத்துப் பூட்டியது. நகர்த்த வழியே இல்லை.

டேங்கில் கட்டும் கேம் பேண்டின் இடமும் சொல்லப்படவில்லை. ஹார்னஸை மாட்டி நின்று, வால்வை அக்குளுக்குக் கொண்டுவந்து, பேண்டில் உள்ள போல்ட் ஸ்னாப் கொக்கி இடுப்பு டி-ரிங்கை எட்டும் இடத்தில் பேண்டைக் கட்டி, டேங்கில் மார்க்கரால் கோடு போடுங்கள். வால்வுகள் ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை என்று கிடைத்தால் நல்லது. ஒரே கை வால்வு இரண்டும் வந்தால் ஒரு பக்கத்துக் குமிழ் தப்பான திசையில் நிற்கும்; மூடித் திறந்து பழகிவிட்டே இறங்குங்கள்.

உலோகச் சாமான்களில் "316 ஸ்டெயின்லெஸ்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். காந்தம் பலமாக ஒட்டினால் அது 316 அல்ல, முலாம் பூசிய இரும்பாகக்கூட இருக்கலாம். ஒட்டாததால் 316 என்று ஆகிவிடாது, 304-உம் பெரும்பாலும் ஒட்டாது. டி-ரிங்கின் மூட்டு பற்றவைத்ததா, வெறுமனே வளைத்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வளைத்தது இழுத்தால் வாய் திறக்கும். போல்ட் ஸ்னாப்பை உலோக வளையத்தால் நேரடியாகப் பேண்டில் கோத்திருந்தார்கள். கயிற்றால் கட்ட வேண்டும். சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுக்கலாம், உலோகத்தை அறுக்க முடியாது.

புகார் சொன்னபோது வந்த பதில்: "தண்ணியில நனைஞ்ச சாமான் ரிட்டர்ன் இல்லைங்க, உங்க இன்ஸ்ட்ரக்டர் சரிபண்ணிடுவார்." முதுகு விங்கை எந்த இன்ஸ்ட்ரக்டரும் சைட்மவுண்ட் விங்காக மாற்ற முடியாது. கேஜும் ஹோஸும் மறுபடி காசு. இரண்டு ரெகுலேட்டரின் சீரியல் எண்ணும் பில்லில் இல்லை. அந்தத் தயாரிப்பின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எண்ணைக் காட்டிச் சோதித்த பிறகே பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்குமுன் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: விங்கின் மாடல், ஹோஸ்களின் நீளம் செ.மீ.யில், பர்ஸ்ட் ஸ்டேஜ் இரண்டின் சீரியல் எண், கேஜ் இரண்டு, பஞ்சியின் தடிமன், எந்த டேங்குக்கான செட் என்பது. பெட்டி வந்ததும் நனைக்காதீர்கள்; விங்கில் தண்ணீர் நிரப்பும் சோதனையும் மற்றவை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான். விங்கை வாயால் ஊதி இரவு முழுக்க விட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். ஹார்னஸை வெட்சூட்டின் மேல் போட்டு, காரை எலும்புக்குச் சற்றுக் கீழே மார்பு டி-ரிங் வருகிறதா, அதைக் கட்டைவிரல் தடவாமல் எட்டுகிறதா, கவட்டுப் பட்டை முதுகுத் தகட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும்போது அதுதான் பேசும்.